ஒற்றைக் கொடுக்கு

புதுக் கட்டை துப்பாக்கிக் குழலோடு உட்கார மறுத்தது. லாக்லன் கொஞ்சம் இழைத்தான். இப்போது தொளதொளவென்று ஆடியது. ஊறினால் உப்பும் என்று ஆளிவிதை எண்ணெயைச் சுடவைத்து அதில் போட்டான். சுடவைத்தது எஃபி மீன் சூப் வைக்கும் பாத்திரத்தில்.

"உங்கப்பாவுக்குக் கோயில் கட்டுங்க, வேணாங்கல. என் பாத்திரத்துலதான் கட்டணுமா?" என்றாள் மனைவி.

"போர் நினைவு நாளுக்குப் படைவீரர் மன்றத்துல அப்பா படத்துக்குக் கீழ மாட்டணும் எஃபி. போர்ல அவர் கையில இருந்த மாதிரியே, முழுசா."

"அவரேதானே ரம்பம் போட்டு அறுத்தாரு?"

அறுத்தவர்தான். கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் அந்தக் காலத்தில் யார்தான் அறுக்கவில்லை? ராணுவ லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முன்பக்க மரத்தை அறுத்தால் எடை குறையும், மான் வேட்டைக்குத் தோதாகும். அப்பா ஏனியஸ் அதோடு விடாமல் கறுப்பாக வார்னிஷும் பூசினார். ஆற்றுக்கு அக்கரையில் மட்டும்தான் வேட்டையாடுவார். வீட்டுக்கு ஆள் வந்தால் துப்பாக்கி கட்டிலுக்கடியில் போய்விடும். அதன்மேல் அப்பாவுக்கு அத்தனை பாசம்! ஈரக் கம்பளிச் சட்டை வாசனையோடு அவர் விடிகாலையில் படகை விட்டு இறங்கி, "பசிக்குதுடா" என்று வருவது லாக்லனுக்கு நேற்று நடந்த மாதிரி இருந்தது.

கட்டை ஒருவழியாக உட்கார்ந்தது. ஆனால் முன்பக்கம் வெளுப்பு, பின்பக்கம் கறுப்பு.

"மாப்பிள்ளையையும் மாமனாரையும் ஒட்டவச்ச மாதிரி இருக்கு," என்றாள் எஃபி.

ரோஷம் வந்து, பின்கட்டையின் வார்னிஷைச் சுரண்டினான். பள்ளத்தை அடைத்திருந்த மரமக்கு பொத்தென்று கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில், கத்தியால் செதுக்கிய சிங்கி இறால். ஒரே ஒரு கொடுக்குதான் இருந்தது.

"உங்கப்பா போன இத்தாலிப் போர்முனையில சிங்கி இறாலா?"

"ஊர் ஏக்கம்டி! குண்டு மழைக்கு நடுவுல நம்ம கடலை நினைச்சிருக்காரு. கூச்சப்பட்டு மக்கு வச்சு மூடியிருக்காரு பாரு." லாக்லன் அழுதேவிட்டான்.

நினைவு நாளில் மன்றம் நிறைந்திருந்தது. போர் நினைவுக்காகச் சட்டைதோறும் சிவப்புப் பூ. துப்பாக்கி சுவரில் பளபளத்தது. லாக்லன் ஒற்றைக் கொடுக்கின் கதையைச் சொல்லச் சொல்ல, பேக்பைப் வாசிக்க வந்தவர்கூட மூக்கைச் சிந்தினார்.

அப்பாவின் உயிர்த்தோழர் ஹெக்டர் கிழவர் தடியை ஊன்றி எழுந்து வந்தார். செதுக்கலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"அப்பா நினைப்பு வந்துடுச்சா மாமா?"

"ராணுவ ஏலத்துல ஆசை ஆசையா வாங்கினேன்டா இதை," என்றார் ஹெக்டர். "இன்னொரு கொடுக்கைச் சாயங்காலம் செதுக்கலாம்னு வேட்டைக்குப் போன இடத்துல மரத்துல சாத்திட்டு ஒதுங்கப் போனேன். திரும்பி வந்தா காணோம். உங்கப்பன்தான் பாவம், இருட்டுற வரைக்கும் என்கூட பனியில தேடினான்."