ஜன்னலுக்குப் போன தார்ப்பாய்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க ரெண்டு வயசு பாப்பாவை விடிஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் தூங்க வைக்கணும்.

ஒரு மாசமா நாலரைக்கே எந்திரிச்சுடுறா. எந்திரிச்சா சும்மாவா இருப்பா? என் கண்ணை ரெண்டு விரலால பிரிச்சு, "அப்பா, பைக்கு!"ம்பா. திருப்பனந்தாள் ரோட்டுல அந்நேரத்துக்குக் கைலியோட பைக்ல சுத்துற ஒரே கேனயன் நான்தான்.

காரணம் தெரியும். எதிர்வீட்டு செல்வம் அண்ணன் மாடு கறக்க வாசல் லைட்டைப் போடுவார். அது நேரா எங்க ஜன்னல்ல வந்து விழும்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்"னா என் மனைவி கவிதா.

"ஒரு லைட்டுக்குப் போய் அவர்கிட்ட நிக்கிறதா? நான் பாத்துக்குறேன் விடு."

இப்படி நான் பாத்துக்கிட்ட எதுவும் இதுவரைக்கும் உருப்பட்டதில்ல.

ஜன்னலை மறைக்க முதல்ல போர்வை கட்டினேன், பகல்லயே இருட்டுதான்னு பாக்க. வெளிச்சம் வந்துச்சு. ரெண்டு போர்வை. அப்பவும் வந்துச்சு. அப்பத்தான் வீட்டுப் பக்கத்துக் களத்துல எங்க நெல்லுக் குவியல் கண்ணுல பட்டுச்சு. அது மேல நல்ல கனமான தார்ப்பாய்!

மூணு நாளா காய வெச்ச நெல்லு. இன்னைக்குக் கொள்முதல் நிலையத்துல எங்க முறை. ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க.

கவிதா பதறிட்டா. "என்னங்க, மழை வந்தா?"

"நான் விவசாயிடி. வானத்தைப் பாத்தா தெரியாதா எனக்கு?"

அண்ணாந்து பாத்தேன். சுத்தமான வானம். தார்ப்பாயை உருவிட்டு வந்து ஜன்னல் ஸ்க்ரீன் கம்பில ஆறு முடிச்சு போட்டுக் கட்டினேன். ரூம் கும்மிருட்டு. எனக்கே என்னை நெனச்சுப் பெருமை தாங்கல.

விடியக்காலைல படபடன்னு கதவைத் தட்டுறாங்க.

"தம்பி! மழைய்யா! நெல்லு தொறந்து கெடக்கு, தார்ப்பாய் எங்க?"

செல்வம் அண்ணன்.

"ஜன்னல்ல இருக்குண்ணே!"

"ஜன்னல்லயா?!"

மழை ஊத்துது. நான் முடிச்சை அவுக்குறேன். ஒன்னும் அவுழல. அரிவாளால கயித்தை அறுத்து, வெடுக்குன்னு இழுத்தா ஸ்க்ரீன் கம்பியும் சேந்து என் தலைல விழுந்துச்சு. அப்படியே தூக்கிட்டு ஓடி, அண்ணனும் நானுமா நெல்லை மூடினோம். பாதி நனைஞ்சு போச்சு.

அண்ணன் தலையைத் துவட்டிக்கிட்டே, "அது எதுக்குய்யா ஜன்னலுக்குப் போச்சு?"ன்னார். சொன்னேன்.

"அட, சொல்லியிருந்தா லைட்டை மாட்டுப் பக்கம் திருப்பி வெச்சிருப்பேனே!"

கவிதா அறுத்த கயித்தை எடுத்து என் கையில குடுத்தா. அவ திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

இத்தனை கூத்துலயும் பாப்பா அசையல. மேகம் மூடி, மழைக்குக் கரண்ட் போயி, எதிர்வீட்டு லைட்டும் அணைஞ்சு, ரூம் தன்னால இருட்டாயிருச்சு. தார்ப்பாயே இல்லாம எட்டு மணி வரைக்கும் தூங்கினா மகராசி!

எந்திரிச்சு வந்தவ, வாசல்ல சொட்டச் சொட்ட உக்காந்திருந்த என்னைப் பாத்தா.

"அப்பா குளிச்சாச்சா?"

"ஆச்சும்மா. நெல்லும் குளிச்சாச்சு."