அற்புதராஜ் பேசாமலே பேசுகிறான்

குயில்மலைத் தோட்டம்,
பசறை.
14 ஆகஸ்ட் 1979

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அத்தான் சவரிமுத்து அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் மரியநாயகம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது:

மாதாவின் தயவில் நானும் றோசாலியும் மகள் மரியகொரட்டியும் சுகமாக இருக்கிறோம் என்று முதலில் எழுதுவதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன். உண்மையில் எனக்குச் சுகமில்லை. வயிறு எரிகிறது. டிஸ்பென்சர் ஐயா தரும் வெள்ளைத் தண்ணிக்கு இது ஆறாது. ஏனென்றால் இதற்குக் காரணம் சாப்பாடு இல்லை, அற்புதராஜ். இந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து என்னைத்தான் ஏசுவாள்.

அற்புதராஜ் யாரென்றால், பூனாகலைப் பக்கமிருந்து வந்து எங்கள் ஆபீசில் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கிளாக்கர். எங்கள் பெரிய கிளாக்கர் மார்கழியோடு ஓய்வு பெறுகிறார். அவருடைய நாற்காலியும், வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் உள்ள அவருடைய குவாட்டர்ஸும், இத்தனை காலம் இரண்டாம் கிளாக்கராகக் கிடந்த எனக்கு வர வேண்டியவை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது யாரும் சொல்வதில்லை. தோட்டத்தை நடத்தும் துரை ஆபீசுக்குள் நுழைந்து தொப்பியைக் கழற்றும்போதே, இவன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சரியான பைலை எடுத்து நீட்டுகிறான், அத்தான். துரை வாயைத் திறக்கவே இல்லை! நானும் அதே முகத்தைத்தான் பார்க்கிறேன். எனக்கு மீசைதான் தெரிகிறது.

போன மாதம் பதுளையில் கிளாக்கர்மாருக்கு ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். "தொழிலிடத் தொடர்பாடல்" என்று பெயர். வாய்ப்பேச்சு, வாய் திறவாப் பேச்சு, எழுத்து என்று மூன்று உண்டாம், மூன்றிலும் தேறியவன்தான் நாளைக்குப் பெரிய பதவிக்குப் பொருத்தமாம். கொழும்பிலிருந்து வந்த அம்மணி அப்படிச் சொன்னார். துரை எங்கள் இருவரையும் அனுப்பினார். அம்மணி ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, அதிலுள்ள செய்தியை வாய் பேசாமல் சபைக்குத் தெரிவிக்கச் சொன்னார். அற்புதராஜுக்கு வந்தது, "பசறை ரோட்டில் லொறி பழுது, தேயிலைப் பெட்டிகள் மழையில் நனைகின்றன." அவன் ஸ்டேரிங்கைப் பிடித்தான், குலுங்கினான், இறங்கி டயரை உதைத்தான், வானத்தைப் பார்த்தான், தன் கோட்டைக் கழற்றி, இல்லாத பெட்டிக்கு அதைப் போர்த்திவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி நின்றான். அந்த அம்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்தது, "துரைக்குக் காய்ச்சல், இன்று பார்க்க முடியாது." நான் நெற்றியில் கை வைத்தேன், கண்ணை மூடினேன், கழுத்தைச் சாய்த்தேன், கையை விரித்தேன். அப்புத்தளைப் பக்கத்துக் கிளாக்கர் ஒருவர் பதறி எழுந்து, "ஐயோ, எத்தனை மணிக்குப் போனாரு?" என்று கேட்டார். சபை முழுதும் எழுந்து நின்றது. சிலுவை போட்டவர்களும் உண்டு.

சரி, கற்றதை விடக்கூடாது என்று மறுநாளே தொடங்கினேன். மேலதிகாரியின் கண்ணை நேராகப் பார்த்துச் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று அம்மணி சொல்லியிருந்தார். துரை வந்தார். கண்ணை நேராகப் பார்த்தேன். சிரித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை சிரிப்பை இறக்கவில்லை. துரை பேனாவைக் கீழே வைத்து, "மிஸ்டர் மரியநாயகம், பல்வலி ரொம்பவோ?" என்று இரக்கத்தோடு கேட்டார். துரை கேட்டதற்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாதபடியால், "யெஸ் சேர்" என்றேன். என்னைத் தன் ஜீப்பிலேயே டிஸ்பென்சரிடம் அனுப்பினார். துரையே அனுப்பிய வாயை வெறுமனே திருப்பி அனுப்ப டிஸ்பென்சருக்கு மனம் வரவில்லை. சும்மா இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார். அன்று பின்னேரம் சுகம் விசாரிக்கிற சாக்கில் அற்புதராஜ் வீட்டுக்கு வந்தான். கையில் பப்பாசிப் பழம், மெல்ல வேண்டாத பழமாகப் பார்த்து! "பாத்தீங்களா, பல்லு போன ஆளுக்கு என்ன கொண்டுபோகணும்னு தெரிஞ்ச பிள்ளை" என்று றோசாலி சொன்னாள். மகளும் தலையாட்டினாள். என் வீட்டுக்குள்ளேயே அவனுக்குக் கட்சி. அந்தப் பழத்தை நான் தொடவில்லை. கொஞ்சம்தான் தின்றேன்.

பேச்சும் சைகையும் அவனோடு போகட்டும், எழுத்தில் என்னை அடிக்க இந்த ஊவா மாகாணத்தில் யார் இருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் ஒரு நாள் வந்தது. ஆறாம் மலையில் தேயிலைக் கொழுந்துக்குப் பூஞ்சண மருந்து அடித்திருந்தார்கள். மறுநாள் யாரும் அங்கே போகக்கூடாது, லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கு அறிவித்தல் எழுது என்று துரை என்னிடம் சொன்னார். என்னிடம், அத்தான், அவனிடம் இல்லை! அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அறிவித்தலுக்குரிய கௌரவத்தோடு எழுதினேன்: "தொழிலாளப் பெருமக்காள்! நாளை யாவரும் ஆறாம் மலைக்குச் செல்லற்க. ஆங்கு மருந்துண்டு." செல்லற்க என்றால் செல்லாதீர்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அதை உரக்க வாசித்த கங்காணிக்குத் தெரியவில்லை. அந்தக் கிழமை லயமெல்லாம் இருமல் வேறு.

மறுநாள் காலையில் துரை என்னையும் அற்புதராஜையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆறாம் மலை அடிவாரத்தில் இறங்கினால், எதிரே தோட்டமே திரண்டு ஏறி வருகிறது. கையில் கொழுந்துக் கூடை இல்லை. ஆளுக்கொரு வெறும் போத்தல். முன்னால் லயத்துக் கிழவி கருப்பம்மா, இடுப்பில் பேரனும் கையில் பெரிய டின்னும்.

"எங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"நீங்கதானுங்களே எழுதியிருந்தீங்க! எல்லாரும் ஆறாம் மலைக்குச் செல்லுங்க, அங்க மருந்து இருக்குன்னு. என்னா மரியாதையா எழுதியிருக்காரு ஐயான்னு பேசிக்கிட்டே வாறோம்."

"செல்லற்கன்னா போகாதீங்கன்னு அர்த்தம்!"

"அப்ப போகாதீங்கன்னு எழுதுறதுக்கு என்னாங்க?"

பின்னால் வந்தவர்களுக்கு இந்தப் பேச்சு எங்கே கேட்கிறது? அவர்கள் குறுக்குப் பாதையில் மலைக்குள் நுழையத் தொடங்கிவிட்டார்கள், பிள்ளைகள் முன்னே ஓடுகிறார்கள், நான் இன்னும் செல்லற்கவுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அற்புதராஜ் பாய்ந்து ஒரு பாறைமேல் ஏறினான். கொழுந்து ஒன்றைக் கிள்ளுவது போலக் காட்டி, அதை மூக்கருகே கொண்டுபோய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். பிறகு எழுந்து இரண்டு கையையும் குறுக்கே பிடித்தான். மலை முழுதும் நின்றது. தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மாதாவுக்குத் தோத்திரம். அந்த நேரத்தில், பொய் சொல்லக்கூடாது, எனக்கும் உயிர் வந்தது. ஆனால் துரை அவன் தோளில் தட்டியதும் வந்த உயிர் பாதி திரும்பிப் போய்விட்டது. என் பக்கம் திரும்பி, அந்த அறிவித்தலை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். சொன்னேன். "நீங்கள் எழுதியதும் இப்போது சொல்வதும் ஒன்றுதானா?" என்று கேட்டார்.

விசயத்துக்கு வருகிறேன். துரையின் சிபாரிசு பதுளைப் பெரிய ஆபீசில் உங்கள் மேசைக்குத்தான் வரும். அதில் அவன் பெயர் இருக்கும். அவனுக்கு அனுபவம் போதாது, வயது போதாது, பாறையில் ஏறிக் குரங்குச் சேட்டை செய்பவனிடம் ஆபீஸ் சாவியைக் கொடுக்க முடியாது என்று நீங்கள் ஒரு வார்த்தை போட்டால் போதும். ஒரே அக்காளின் ஒரே தம்பி கேட்கிறேன். அவன் அந்தக் குவாட்டர்ஸில் குழாயைத் திறந்து முகம் கழுவுவதைப் பார்க்க என் கண்ணுக்குச் சக்தியில்லை.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். உங்கள் வீட்டில் அடுப்பும் மனமும் என்றும் குளிராதிருக்க வேளாங்கண்ணி மாதாவை மன்றாடுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
ச. மரியநாயகம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஆள் சத்தம். அற்புதராஜும் அவர் தாயாரும். தட்டில் பழமும் பூவும். பதவி கிடைத்த பெருமையைக் காட்ட வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "ஐயா..." என்றார். நின்றார். மறுபடியும், "ஐயா..." லொறியைப் பேச வைத்தவருக்கு வாயும் திறக்கவில்லை, கையும் அசையவில்லை. "பேசேண்டா!" என்று தாயார் இடித்தார்கள். அப்போது மரியகொரட்டி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அவரு என்னையக் கேட்டு வந்திருக்காரு. நான் சரின்னு சொல்லி ஆறு மாசமாச்சு" என்றாள். நான் றோசாலியைப் பார்த்தேன். "எனக்குத் தெரியும். கங்காணிக்குத் தெரியும். துரைக்கும் தெரியும். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லத்தான் எல்லாருக்கும் பயம்" என்றாள். மகளின் முகத்தைப் பார்த்தேன். அதை வாசிக்க எனக்கு எந்த வகுப்பும் தேவைப்படவில்லை. தட்டை வாங்கி வைத்துவிட்டேன்.

ஆகையால், மேலே "அவன்" என்று இருக்கும் இடமெல்லாம் "அவர்" என்று வாசிக்கவும். குரங்கு என்ற சொல்லை அடித்துவிடவும். சிபாரிசு வந்ததும் தாமதிக்காமல் கையெழுத்திடவும், குழாய் உள்ள வீட்டில் பிள்ளை இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டவும், பின்குறிப்பை மட்டும். ஒரே ஒரு விண்ணப்பம்: பெரிய கிளாக்கர் ஆனபின், ஆபீசில் என்னைக் கூப்பிட அவர் மேசை மணியை அடிக்கக் கூடாது, கண்ணாலும் கூப்பிடக் கூடாது. வாயைத் திறந்து "மாமா" என்று கூப்பிட வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே அவருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.