என் கழுத்தில் ஏறிய சிங்கம்

ஐந்து வருடம் நான் இரவும் பகலும் படித்த வைரஸ், என் கழுத்திலேயே வந்து உட்கார்ந்தபோது அதைக் கொசுக்கடி என்று சொன்னவள் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் அன்றே தீர்ந்துவிட்டது.

ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் உடல் செல்லின் காவலைத் தாண்டி எப்படிப் பெருகுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. சின்னம்மை வைரஸும் அந்தக் குடும்பம்தான். அம்மை இறங்கினாலும் அது போய்விடாது. நரம்பின் வேரில் படுத்துக் கிடந்து, பல வருடம் கழித்து அக்கியாகக் கிளம்பும். இதை மூன்று மாநாடுகளில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன் (கைதட்டல் உண்டு).

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கக் கீழப்பழுவூர் வீட்டுக்கு வந்திருந்தேன். கழுத்தின் ஒரு பக்கம் எரிந்தது, சிவந்தது, வரிசையாகக் கொப்புளித்தது. கொசு என்றேன். செயின் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சிமெண்ட் லாரி கிளப்பும் தூசி மேலும் பழி போட்டேன். அக்கிக்கு மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்க வேண்டும் என்று என் ஆய்வேட்டில் நானே எழுதியிருக்கிறேன். அந்த மூன்று நாளும் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். நான்காம் நாள் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது அக்கிடி. இத்தன வருஷம் என்னத்தடி படிச்ச?"

அரியலூர் டாக்டரும் அக்கி என்றே சொல்லி மாத்திரை எழுதினார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும் என்று அம்மா என்னை அக்கி எழுதக் கூட்டிப்போனார். பானை வனையும் அக்கா ஒருவர் காவியைக் கரைத்து, இறகால் என் கழுத்தில் சிங்கம் வரைந்தார். மூன்று நாள் எழுத வேண்டும், குளிக்கக் கூடாது. மூன்றாம் நாள்தான் தேர்வு. மறுத்துப் பேசும் யோக்கியதை எனக்கு ஏது?

கொப்புளத்தோடு வர வேண்டாம் என்று வீடியோவிலேயே தேர்வு வைத்தார்கள். கேள்வி கேட்டவர் கறாருக்குப் பேர்போன பேராசிரியை. பாதியில் என் துப்பட்டா நழுவியது. கழுத்தில் என்ன என்றார். நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து அம்மா பதில் சொன்னார்.

"அக்கிங்க மேடம். அதுக்கு எழுதின சிங்கம்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். எத்தனையாவது நாள் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான்காவது நாள் என்றேன். அதுவும் அம்மாதான் கண்டுபிடித்தார் என்றேன். யாரோ மைக்கை அணைக்காமல் சிரித்தார்கள். ஐந்து வருட உழைப்பு அந்தச் சிரிப்போடு போகப் போகிறது என்று நினைத்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மேடம், சத்துணவை வாத்தியார் ருசி பாத்தப்புறம்தான் புள்ளைங்களுக்குப் போடுவாங்க. செல்லும் உள்ள இருக்கறதுல துளி எடுத்து, ஒரு தட்டுல வச்ச மாதிரி வெளிய காட்டும். காவல் செல் அதப் பாத்துத்தான் ஆபத்தக் கண்டுபிடிக்கும். வைரஸ் சண்டையே போடாது. அந்தத் தட்டு வெளிய போகாம மறைச்சிடும். பக்கத்து செல்லுக்குப் போற எச்சரிக்கையையும் அமுக்கிடும். அப்புறம் உள்ள தன்னையே நகலெடுத்துக்கிட்டே இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்."

அம்மாவுக்குப் புரிந்ததா என்று பேராசிரியை கேட்டார்.

"புரிஞ்சுதுங்க. ஆனா தட்டு வரலைன்னா வாத்தியாரு எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாரா?"

பேராசிரியை முதல் முறையாகச் சிரித்தார். "என்னோட அடுத்த கேள்வியே அதுதாம்மா."

சொன்னேன். தட்டு வராததையே குற்றமாக எடுத்துக்கொண்டு செல்லைக் கொல்ல வரும் இன்னொரு காவல் உண்டு. இந்தக் குடும்பத்து வைரஸ்கள் சில, அதன் முன்னால் போலித் தட்டு ஒன்றை நீட்டி அதையும் ஏமாற்றிவிடும். இவ்வளவு தெளிவாக நான் எந்த மாநாட்டிலும் பேசியதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என் அம்மா, என் ஆராய்ச்சியின் மிகக் கடினமான கேள்வியைத் தானாகவே கேட்டுவிட்டாரே என்று அன்று நெஞ்சு நிறைந்துபோனது. பட்டம் கிடைத்ததுகூட அதற்கு அப்புறம்தான்.

இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும், பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கிவிட்டதாமே என்று யாராவது அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்.

"ஆமா. நானும் ஒரு கேள்வி கேட்டேன். சரியாத்தான் சொன்னா. பாஸ் போட்டுட்டோம்."