கம்பளி போர்த்திய ஐஸ்பெட்டி

குளிர் கதவு வழியாக மட்டும்தான் வெளியேறும் என்று நான் நம்பியிருந்தேன். கதவைத் திறக்காதவரை ஐஸ்பெட்டிக்குள் வைத்தது வைத்தபடியே இருக்கும். கரண்டு என்பது அதற்கு ஒரு கூடுதல் வசதி. (பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்குப் பரிசு வாங்கியவன் நான். அதை இந்த இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது.)

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் ஸ்டோரில் வேலை. கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே முதல் ஐஸ்பெட்டியாகப் பழையது ஒன்றை வாங்கி நடுவீட்டில் நிறுத்தியிருந்தேன். தோட்டத்து இஞ்சின் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடத் தொடங்கி பத்து மணிக்கு நின்றுவிடும். மீதி இருபது மணி நேரம் கரண்டு கிடையாது. பெட்டியை விற்றவர் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பண்டிகையன்று ரொட்டிக்கு வைத்த ஆட்டுக்கறி ஸ்டூ அரைப் பானை மிஞ்சியது.

"அக்கம்பக்கம் குடுத்துடலாம்ங்க. வச்சா கெட்டுப் போவும்," என்றாள் என் மனைவி பிலோமினா.

"அப்ப ஐஸ்பெட்டி எதுக்கு?"

"கரண்டு நின்னா அது வெறும் அலமாரிதான்லா."

பானையை ஆவி பறக்க உள்ளே வைத்தேன். இஞ்சின் நின்றதும், குளிர் தப்பி ஓடாமலிருக்கப் பெட்டிக்குக் கம்பளி போர்த்திக் கயிற்றால் கட்டினேன். நான் சொல்லும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். (வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.)

மூன்றாம் நாள் மதியம் செர்டாங்கிலிருந்து மாமனார் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் வருகை. பிலோமினா அவர் குடிக்கக் கலர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அடுப்பில் அதே பானை சூடாக இருந்தது. எடுத்துச் சூடு பண்ணியிருக்கிறாள் என்று நினைத்துப் பரிமாறினேன்.

"கறி பஞ்சு மாதிரி இருக்கு மாப்ள," என்று மூன்றாம் முறை தட்டை நீட்டினார்.

"எல்லாம் ஐஸ்பெட்டி மகிமை மாமா."

குளிர்ந்த தண்ணீர் கொடுத்து அந்த மகிமையை நிரூபிக்கலாமே என்று கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தேன்.

அந்த வாடையை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. பாட்டில் தண்ணீரில் காப்பி கலக்கலாம் போலிருந்தது. பானையைக் காணவில்லை. பானை அடுப்பில். பானையில் இருந்தது மாமனாருக்குள்.

சொன்னால் கொலைகாரன், சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு துண்டு உள்ளே போய்விடும். மூளை யோசித்துக்கொண்டிருக்க, கை போய்த் தட்டைப் பிடுங்கிவிட்டது.

மாமனார் ரொட்டித் துண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நாலு துண்டு கறிக்கா மாப்ள?"

"அதில்ல மாமா... வாங்க, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"எனக்கென்ன நோவு?"

"இன்னும் வரல மாமா. வந்துடும்."

அவர் கையைக்கூடக் கழுவாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் எச்சில் தட்டோடு நான். லயம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. எதிரே கலர் பாட்டில்களோடு பிலோமினா.

"பிலோ, அப்பாவ ஐஸ்பெட்டிக் கறியத் தின்ன விட்டுட்டேன்!"

"அத நேத்தே குழி வெட்டிப் பொதச்சாச்சு. இது அப்பாவுக்குன்னு காலைல வச்சது."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா, பெட்டியக் குத்தம் சொல்லிட்டேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க."

மாமனார் எல்லாவற்றையும் நின்று கேட்டார். "வெசம் வக்கல, சரி. தட்டப் புடுங்கினது புடுங்கினதுதான்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

இன்றும் எங்கள் வீட்டு விருந்தில் சொந்தக்காரர்கள் இடது கையால் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். மாமனாருக்கு அன்று ஒரு ஏப்பம் கூடத் தப்பாக வரவில்லை. மறுபடி எங்கள் வீட்டில் அவர் கை நனைக்க இரண்டு வருடம் ஆனது.