யோசுவாவின் பந்தும் பத்து கஜப் புல்லும்

பாறசாலை,
1955 நவம்பர் 12.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் வேதமாணிக்கம் அவர்களுக்கு, நேசையன் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ராஜபாயும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். மனசுக்குத்தான் சுகமில்லை. நாகர்கோவிலில் நீங்களும் உங்கள் அச்சாபீசும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம்.

விஷயம் என்னவென்றால், எங்கள் மகன், உங்கள் மருமகன் யோசுவாவின் புல்தரைப் பந்தாட்டம் முடிந்துவிட்டது. அச்சாபீசில் தாள் மடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை அவனுக்கே தர வேண்டும்.

மலாயாவில் துரைமார் கிளப்பில் புல் வெட்டப் போனவன், நாலாவது ஆள் வராத ஒரு நாள் அவர்களோடு சேர்ந்து பந்து உருட்டி, பிறகு இவன் இல்லாமல் அவர்கள் ஆடுவதில்லை என்றாகி, ஹாங்காங் வரை கப்பலேறிப் போய் ஜெயித்து வெள்ளிக் கிண்ணம் வாங்கியதை இந்த ஊரில் நான் சொல்லாத வீடு கிடையாது. சொல்லி என்ன பயன்? அமரவிளையிலிருந்து வந்த பெண் வீட்டார் "ஓடணுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். "சாடணுமா?" குதிக்கவும் வேண்டாம், குனிந்து பந்தை உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டு நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றேன். "இதுக்காக்கும் கப்பல்ல போனான்?" என்று எழுந்தவர்கள் காப்பி கூடக் குடிக்கவில்லை.

போன வருஷம் அவன் விடுமுறைக்கு வந்தபோது, அடுத்த பந்தயம் சிங்கப்பூரில், அதுவரை கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றான். வீட்டை ஒட்டிய விளையில் மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு நானே புல் நட்டேன். ஆட்டத்துக்கு நாற்பது கஜம் வேண்டுமாம், நம் விளையோ முப்பதில் முடிந்துபோகும். மீதி பத்து கஜத்தைப் பக்கத்து விளைக்காரன் சோமன் தந்தான். சோமன் நமக்கு எதிர்க்கட்சி. நம் நெய்யாற்றின்கரை தாலூகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்கிறோம் நாம், அவன் திருவனந்தபுரத்தோடுதான் இருக்க வேண்டும் என்று கொடி பிடிக்கிறவன். ஆனாலும் பசுவை வேறிடத்தில் கட்டிவிட்டு, தினமும் சாயங்காலம் அந்தக் கோடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, "இனியும் வரட்டே, இனியும் வரட்டே" என்று பந்தைக் கூப்பிடுவான்.

அப்போதுதான் போராட்டம் மூண்டது. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். அந்த மாதமே இரண்டு விளைக்கும் நடுவே அதிரில் வேலி வந்துவிட்டது. கிளுவைக் கம்பும் முள்ளும் வைத்துக் கட்டிய வேலி. சோமன் எந்தக் கட்சி என்று மேலே எழுதியிருக்கிறேன், அதற்கு மேல் நான் என்ன எழுத? பிறகு கப்பலேறும் வரை ஆறு மாதமும் யோசுவா முப்பது கஜத்துக்குள்ளேயே உருட்டினான். சிங்கப்பூரில் ஹாங்காங்காரர்கள் முதல் சுற்றிலேயே இதைக் கண்டுகொண்டு, வெள்ளைப் பந்தைக் கோடியில் கொண்டு போட்டார்கள். இவன் உருட்டியது ஒவ்வொன்றும் பத்து கஜம் முன்னாலேயே அடங்கிவிட்டது. கேப்டன் துரை தொப்பியைக் கழற்றி இவனைப் பார்த்தாராம். அதைத்தான் தாங்க முடியவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுதான்.

கையைச் சரிசெய்துகொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வா என்று கிளப்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் பதில் எழுத வேண்டும். எங்கே போய்ச் சரிசெய்வது? இப்போது ராஜ்யங்களைப் பிரிக்கும் கமிஷன் ரிப்போர்ட்டிலும் நம் தாலூகாவைத் திருவனந்தபுரத்துப் பக்கமே வைத்துவிட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு தோல்வி. நாலு பந்தில் மூன்று பரண்மேல் கிடக்கிறது, ஒன்றை ராஜபாய் அடுக்களைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். பையன் அந்தக் கதவு வழியாக வருவதே இல்லை.

ஆகையால் மறுக்காமல் அவனைச் சேர்த்துக்கொள்ளவும். தேவ கிருபை உங்களோடும் பிள்ளைகளோடும் அச்சு யந்திரத்தோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நேசையன்.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. ஆராதனையில் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வந்தேன். வேலி போட்டது சோமன் இல்லை, நான்தான். நீங்கள் இங்கே கூட்டத்துக்கு வந்து, ஓரடி மண்ணும் விட மாட்டோம் என்று பேசினீர்களே, அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து அதிருக்குக் கயிறு பிடித்தேன். என் மண்ணில் ஓரடியும் போகவில்லை. அவன் தந்த பத்து கஜம்தான் போயிற்று.

இன்று வேலியைப் பிடுங்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டு வந்த சோமன் மறுமுனையிலிருந்து பிடுங்கினான். அவன் பக்கத்துப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் ஒட்ட வெட்டியே வைத்திருக்கிறான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எலே யோசுவா, உருட்டு மக்கா" என்றான் சோமன். யோசுவா பரணில் ஏறி மூன்றை இறக்கி, அடுக்களைக் கதவிலிருந்து நாலாவதையும் எடுத்து வந்து உருட்டினான். நாலும் வேலி நின்ற இடம் வரை போய் நின்றுவிட்டன. குழிகளை மூடியாயிற்று, தடுக்க ஒன்றும் இல்லை, தானாகவே அங்கே நிற்கின்றன. மறுபடியும் உருட்டுகிறான். சோமன் அந்தக் கோடியில் துண்டைக் கட்டிக்கொண்டு, "இனியும் வரட்டே, இனியும் வரட்டே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். முட்டு இல்லாமல் கதவு காற்றில் அடிக்கிறது.

தாள் மடிக்க வேறு ஆளைப் பாருங்கள்.