புகைவீட்டுப் பேய்க்கு ஒரு மதிப்புரை

"இந்தப் பேய்க்குக் கொசுகூடப் பயப்படாது" என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார் அமலநாதன்.

மலாயாவில், ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவர் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. சண்டைக்கு முன்னால் மதராஸிலிருந்து வந்த பேய் நாவல்களை ஒன்றுவிடாமல் படித்துப் பத்திரிகைக்கு மதிப்புரை எழுதியவர். ஜப்பான்காரன் வந்தபின் கப்பலும் இல்லை, புத்தகமும் இல்லை. மிச்சம் இருந்தது வீடு வீடாகச் சுற்றிவந்த இந்தக் கையெழுத்துக் கதைதான். எழுதியவர் பெயர் கிடையாது, எழுத்தும் யாருடையதென்று தெரியாதபடி அச்சுப்போல இருந்தது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த, ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைவீட்டில் பேய் ஒன்று குடியிருப்பதாகக் கதை. இதுவும் இல்லாவிட்டால் மனுஷன் எதைத்தான் படிப்பது?

"ஏங்க இப்படி எழுதுனீங்க? எழுதுனவங்க மனசு நோவாதா?" என்றபடி மனைவி டொரத்தி அவித்த மரவள்ளிக்கிழங்கை வைத்தாள்.

"பேய்னா பயமுறுத்தணும் லா. என்ன இது, உப்பே இல்லையே?"

"உப்பு தீந்துபோச்சு."

போன வாரம்தான் அலைந்து திரிந்து அரைப்படி வாங்கி வந்திருந்தார். கோபமாக இருக்கிறாள் போல என்று இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டார். சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்விடுவானென்று அவள் தம்பி ரோலண்ட் சிங்கப்பூருக்கு ஓடியதிலிருந்து அவளும் சரியாக இல்லை, பாவம்.

இரண்டாவது நோட்டில் பேய்க்குப் பல் நீண்டிருந்தது. "பல் நீண்டால் போதுமா? பார்த்த சாட்சி யார்?" என்று எழுதினார்.

அதைப் படித்துவிட்டுக் கங்காணி வீரமுத்து ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"கிராணியாரே, பேய்னு நம்பித்தான் இத்தனை நாளா அந்தப் பக்கம் போகல. நீங்களே பொய்னு எழுதிட்டீங்க. நாளைக்குப் பூட்டை உடைச்சுத் தகரத்தைக் கழட்டிக்கிறேன். என் வீட்டுக் கூரை ஒழுகுது."

மத்தியானம் வீட்டில் இதைச் சொன்னதும் டொரத்தி கையிலிருந்த சட்டியைக் கீழே போட்டாள்.

"புகைவீடு போச்சுன்னா கதையும் போச்சு. மூணாவது நோட்டு வராது, பாத்துக்குங்க."

அமலநாதனுக்கு மூன்றாவது நோட்டு வேண்டும். அதற்காகப் பொய்யாகப் புகழவும் மனம் வரவில்லை. நேரில் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று பட்டப்பகலில் கிளம்பிப்போய், புகைவீட்டுப் பின்பக்கப் பலகை இடுக்கில் தலையை விட்டார்.

உடம்பெல்லாம் கரி பூசிய உருவம் ஒன்று எழுந்து கையை நீட்டியது. கரகரத்த குரலில், "உப்பு" என்றது.

வேட்டி ஆணியில் மாட்டி நின்றுவிட்டது. அமலநாதன் நிற்கவில்லை.

"நேரில் கண்டேன், நடுங்கினேன். பேய் உப்புக் கேட்பது எந்த நாவலிலும் வராத புதுமை. ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று அன்று மாலையே எழுதினார். வேட்டியில்லாமல் ஓடிய விமர்சகரைத் தோட்டமே பார்த்திருந்ததால், ஒழுகுகிற கூரையே போதும் என்று வீரமுத்துவும் விட்டுவிட்டார். டொரத்தி சிரித்த முகமாகக் கிழங்கு வைத்தாள். அதிலும் உப்பில்லை.

மறுநாள் பக்கத்து லயத்து வீட்டு வெள்ளையம்மா வேட்டியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். அவளுடைய இரண்டு மகன்களும் சிங்கப்பூருக்கு ஓடியவர்கள்தான்.

"அங்கயா போன? உனக்குப் பயமா இல்லையா?" என்றார் அமலநாதன்.

"நீங்கதான் பாத்துட்டீங்களே, இனிமே என்னத்த மறைக்கிறது? டொரத்தியம்மா ஆளை விரட்டற நோட்டை மட்டும் எழுதட்டும், உப்பு நான் குடுத்துட்டேன்னு சொல்லிடுங்க ஐயா. உள்ள பதினோரு பிள்ளைங்க ஒளிஞ்சிருக்குதுங்க, உங்க மச்சினன் ரோலண்டுதான் சமையல்."