திருப்தி விசாரிப்பவர்

கொசு கடித்தால் தட்டிவிடலாம். வேண்டாத விருந்தாளி வந்தால் கொல்லைப்பக்கமாக நழுவிவிடலாம். திருப்தி விசாரிப்பவரிடமிருந்து மட்டும் தப்பவே முடியாது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் உங்கள் வாய் நிறையச் சோறு இருக்கிற நேரமாகப் பார்த்து எதிரே வந்து குனிந்து, "எப்படி, எல்லாம் திருப்திதானே?" என்பார். அதைக் கேள்வி என்று நினைத்தீர்களானால் உங்களைப் போல அப்பாவி கிடையாது. பதிலையும் அவரே கையோடு கொண்டுவந்து, உங்கள் வாயில் வைத்து, திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டென்றாலும் காவிரித் தண்ணீருக்குக் கொஞ்சம் செழிப்பாகவே வளரும். அதில் முதல் ரகம் சிங்காரவேலு.

பரம்பரை மிராசு. அறுவடை முடிந்ததும் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கதிரடித்துக் களைத்து நிற்கிற ஆட்களைப் பார்த்து, "கூலியெல்லாம் திருப்திதானேப்பா?" என்று வருஷம் தவறாமல் கேட்பார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "திருப்திங்கய்யா" என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒரு வருஷம் வரப்பில் செங்கொடியை நட்டு, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சிங்காரவேலு ஆடிப்போனார்.

"போன அறுப்புல கேட்டப்ப திருப்தின்னுதானே சொன்னே?" என்றார், முன்னால் நின்ற மருதையனிடம்.

"ஆமாங்கய்யா. நீங்க நாற்காலில உக்காந்து கேட்டீங்க, நாங்க வெயில்ல நின்னு சொன்னோம்" என்றார் மருதையன்.

இது ஒரு பதிலா என்றிருந்தது சிங்காரவேலுவுக்கு. எவனோ வெளியூர்க்காரன் தூண்டிவிட்டிருக்கிறான் என்று முடிவுகட்டினார். முடிவுகட்டினால் மனசு லேசாகிவிடுகிறது, பாருங்கள்.

அப்புறம் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. போனது போக மிஞ்சியதில் பாதியை விற்று, கும்பகோணத்தில் ரயிலடிப் பக்கம் மெஸ்ஸும் சேர்த்து ஒரு லாட்ஜ் கட்டினார். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் இல்லையா? ‘ஸ்ரீலக்ஷ்மி லாட்ஜ்’ என்று எழுதச் சொன்னவர், ஆட்சி மாறியதும் அடிக்கிற காற்றைப் பார்த்து, அதை அழித்து ‘திருமகள் தங்ககம்’ ஆக்கினார். தாராசுரம் பார்க்க வருகிறவர்கள், திருவிடைமருதூர் பரிகாரக்காரர்கள், வேளாங்கண்ணி போகிற வழியில் இறங்கிச் சிரமபரிகாரம் செய்கிறவர்கள் என்று ஆள் வரத்தான் செய்தது. ஆனால் ஒருமுறை வந்தவர் மறுமுறை வரவில்லை.

சிங்காரவேலு சும்மா இருப்பாரா? திருப்தியை அளந்துவிடுவது என்று இறங்கிவிட்டார். வாயால் சொல்வதில் பொய் கலக்கலாம், இலை பொய் சொல்லாது என்பது அவர் சித்தாந்தம். சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடித்தால் திருப்தி, உறவு நீடிக்கும்; எதிர்ப்பக்கமாக மடித்தால் மனத்தாங்கல். இலை எடுக்கிற எல்லையம்மாள் எடுப்பதற்கு முன்னால் திசையைச் சொல்லியாக வேண்டும்.

"மாடி ரூம்காரங்க எப்படி மடிச்சாங்க?"

"எல்லாரும் எதிர்ப்பக்கமாத்தாங்க மடிச்சிருக்காங்க."

சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஓடிப்போய் அவர்களுக்கு ஆளுக்கொரு அசோகா அல்வா கொடுத்து உபசரித்தார். காவிரியில் அஸ்தி கரைக்க வந்த குடும்பம் அது. துக்கத்துக்கு வந்தவர்கள் வேறு எப்படி மடிப்பார்கள்? காசி யாத்திரை கோஷ்டி ஒன்று வந்து இலையைப் பொட்டலம் போல நாலு பக்கமும் மடித்துவிட்டுப் போனது. நாலு திக்கிலும் திருப்தி என்று பூரித்தார். வெள்ளைக்காரத் தம்பதி மடிக்காமலே எழுந்துபோனார்கள். அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

வாய்விட்டுக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். எல்லாரும் சொன்னது ஒரே குறைதான்: குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

"தாழ்ப்பாள் எதுக்குங்க? நம்ம தங்ககத்துல எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டேதான் குளிக்கிறாங்க. அவ்வளவு சந்தோஷம்" என்பார். ஏன் பாடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லையே.

எதை முதலில் சீர்திருத்துவது என்பதிலும் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. எதைப் பாராட்டினார்களோ அதைத்தான் மேலும் பெருக்குவார். காப்பியைப் புகழ்ந்தார்கள், டபராவைப் பெரிதாக்கினார். பெயர்ப்பலகை எடுப்பாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவைக்க, இரண்டு மடங்கில் இன்னொன்று மாட்டினார். குறை சொன்னதைத் திருத்தினால் குறை இருந்ததாக ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா?

இந்த லட்சணத்தில்தான் இராஜாங்கம் வந்து இறங்கினார். சென்னையிலிருந்து கோயில் சுற்றுலா பஸ் விடுகிற கம்பெனியின் மேனேஜர். அவர் தலையசைத்தால் வாரா வாரம் ஒரு பஸ் ஜனம் இங்கே தங்கும். அசைக்காவிட்டால் லாட்ஜை நெல் குடோனுக்கு விட்டுவிட்டுக் கிராமத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்பினால் மருதையன் முகத்தில் விழிக்க வேண்டும்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அவரைக் கேள்வி கேக்காம விடுங்க" என்றார் மனைவி சௌந்தரநாயகி. மெஸ் சமையல் அவர் பொறுப்பு. "ஆசாரியைக் கூப்பிட்டு அந்தத் தாழ்ப்பாளைப் போடுங்க, போதும்."

"உனக்கு வியாபாரம் தெரியாது" என்றார் இவர்.

காலையில் இராஜாங்கம் குளிக்கப் போனார். பாவம், அவருக்குப் பாட்டு வராது. உள்ளே சத்தத்தைக் காணோமே, தண்ணீர் வரவில்லையோ என்று வெளியே நின்ற சிங்காரவேலுவுக்குப் பதைப்பு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயே போய்விட்டார்.

தலை முதல் கால் வரை சோப்பு நுரையோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சொம்பைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தார் இராஜாங்கம்.

"தண்ணி போதுமாங்க? எல்லாம் திருப்திதானே?"

அந்தக் கோலத்தில் ஒரு மனிதர் வேறு என்னதான் சொல்வார்?

"ரொம்பத் திருப்திங்க. கதவை மட்டும் சாத்திட்டுப் போங்க."

சிங்காரவேலு அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை. இராஜாங்கம் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக அழகாக மடித்து, கைகூப்பி விடைபெற்றுப் போனார். அவர் நல்லபடி வளர்ந்த மனிதர். வேறு மாதிரி மடிக்க அவருக்குத் தெரியாது.

கம்பெனியின் முதல் பஸ் கும்பகோணம் வருகிற நாளில் வாசலில் வாழைமரம் கட்டி, பன்னீர்ச் சொம்போடு சிங்காரவேலு நின்றார். சௌந்தரநாயகி அண்டா நிறையச் சாம்பார் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். பஸ்ஸும் வந்தது. முன் சீட்டில் இராஜாங்கம். வாசலுக்கு நேராக வந்ததும் சிரித்த முகமாகக் கையசைத்தார். பஸ் வேகம் குறையாமல் தஞ்சாவூர்ச் சாலையில் போய்விட்டது.

"பாத்தியா, எப்படிச் சிரிச்சிக்கிட்டே கை காட்டிட்டுப் போறாரு! திருப்தி இல்லாமயா காட்டுவாரு?"

"திருப்தியானவரு இறங்குவாரு" என்றார் சௌந்தரநாயகி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் அண்டாவை மூடினார்.

தை அறுப்பு நெல் வந்தபோது திருமகள் தங்ககத்தின் மாடி வரைக்கும் மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பிய சிங்காரவேலு இன்றைக்கும் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறார்: "தங்கினவன் ஒருத்தனாவது என் முகத்துக்கு நேரா ஒரு குறை சொல்லியிருப்பானா, கேட்டுப்பாருங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் ஒரு சந்தேகம். போன கோடை விடுமுறைக்கு உங்கள் வீட்டில் வந்து தங்கினார்களே உங்கள் மைத்துனர் குடும்பம், புறப்படும்போது வாசலில் நிறுத்திவைத்து நீங்கள் கேட்டதற்கு, "ராஜ உபசாரம், இப்படி எங்கேயும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அவர்கள் இந்தக் கோடைக்கும் உங்கள் ஊருக்கு வந்திருந்தார்களாம். எங்கே தங்கினார்கள்?